குச்சியில் துள்ளுது, சினை நிக்கல: விந்தணுவை ஓட வைப்பது எது?

#1 மானூர்க்கறவை

மானூர், கங்கைகொண்டான் பக்கம் ஜெர்சி கலப்பு மாடு வச்சிருக்கவங்க எல்லாரும் கேக்கிற கேள்வி இது. உறைவிந்துக் குச்சிய (காளை விந்தை உறைய வச்சு அடைச்ச மெல்லிய குழாய) உருக்கி ஒரு சொட்ட நுண்ணோக்கியில வச்சுப் பாத்தா விந்தணு நல்லா துள்ளி ஓடுது. பாதிக்கு மேல ஓட்டம் இருக்குன்னு சொல்லுதாவ. மாடும் கத்தி, கண்ணாடி மாதிரி வழும்பு ஊத்துன பிறகுதான் சினை ஊசி போடுதாவ. ஆனா 21 நாள்ல திரும்பவும் கத்துது.

ஓட்டம் இருந்தும் ஏன் நிக்கல? விந்தணுவ ஓட வைக்கிறது எது, நிறுத்துறது எது, முட்டைக்கிட்ட போனதும் அதுக்குள்ள என்ன மாறுது? விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க. ‘சத்துக் குறைவு’ன்னு ஒரு வரியில முடிச்சிர வேண்டாம்.

#2 அயனிவாசல்

நுண்ணோக்கியில் நீங்கள் பார்க்கிற ஓட்டமும், முட்டையைத் துளைக்கிற நேரத்து ஓட்டமும் ஒன்றல்ல. இரண்டையும் இயக்கும் சமிக்ஞைகள் வேறு. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது தவறினால் சினை நிற்காது.

விரையிலிருந்து வெளிவரும் விந்தணுவுக்கு வால் உண்டு, முன்னேறி நீந்தும் திறன் கிடையாது. விரையை ஒட்டிய எபிடிடைமிஸ் சுருள்குழாயில் ஏறக்குறைய 10 நாள் நகர்ந்து வரும்போது அந்தத் திறன் வருகிறது. வந்த பிறகும் அது அசையாமல்தான் கிடக்கும். அந்தக் குழாயின் திரவம் சற்றே அமிலம், பைகார்பனேட் மிகக் குறைவு. செல்லுக்குள் அமிலம் கூடியிருக்கும்வரை வாலை அசைக்கும் டைனின் புரதம் வேலை செய்யாது. அதனால் ஆற்றலும் வீணாகாது.

காளை விந்தை வெளியேற்றும்போது துணைச் சுரப்பிகளின் திரவம் கலக்கிறது. அதில் பைகார்பனேட் நிறைய. விந்தணுவுக்குள் இருக்கும் கரையும் அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதி பைகார்பனேட்டை நேரடியாகவே உணரும்; ஹார்மோன் ஏற்பியோ ஜி-புரதமோ நடுவில் வேண்டாம். நொதி எழுந்ததும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞை மூலக்கூறு கூடும். அது புரதக் கைனேஸ் ஏ என்ற நொதியை முடுக்கும். அந்தக் கைனேஸ் வாலின் புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும். உடனே வால் இருபுறமும் சீராக அடிக்க ஆரம்பிக்கும், விந்தணு நேராகப் போகும். குச்சியை உருக்கிப் பார்க்கையில் தெரிவது இந்த ஓட்டம்தான்.

முட்டைக்கு அருகில் வேறு மாதிரி ஓட்டம் வேண்டும். வால் ஒரு பக்கமாக ஆழமாக வளைந்து அடிக்கும். கண்ணாடித் தகட்டில் பார்த்தால் முன்னேறாமல் எட்டுப் போட்டுச் சுழலும். பார்க்க ஒழுங்கில்லாத ஓட்டம்தான், ஆனால் கருக்குழாயின் பிசுபிசுப்பான திரவத்திலும் முட்டையைச் சுற்றிய செல் கூட்டத்திலும் இந்த அடிதான் செல்லும். இதைத் தீவிர ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். இதற்குத் திறவுகோல் கால்சியம்.

வெளித் திரவத்தில் கால்சியம் 2 மில்லிமோலார் அளவில் இருக்கும். அமைதியான விந்தணுவுக்குள் சுமார் 100 நானோமோலார்தான். அதாவது இருபதாயிரம் மடங்கு வித்தியாசம். இடையில் இருக்கும் வாசல் கேட்ஸ்பர் என்ற அயனித் தடம். 2001-இல் கண்டறியப்பட்டது. விந்தணுவைத் தவிர வேறு செல்லில் இது வேலை செய்வதில்லை. வாலின் முக்கியப் பகுதியில் நீளவாக்கில் நான்கு வரிசையாக அமர்ந்திருக்கும். செல்லுக்குள் காரத்தன்மை கூடினால் திறக்கும். மனித விந்தணுவில் புரோஜெஸ்டிரோன் பட்டாலும் திறக்கும். இது 2011-இல் தெரிந்தது. இந்தப் புரோஜெஸ்டிரோன் சமாச்சாரத்தை அப்படியே காளைக்கும் பொருத்தக் கூடாது, இனத்துக்கு இனம் மாறும்.

உங்கள் கேள்விக்கு நேரான விடை ஒரு எலிச் சோதனையில் இருக்கிறது. கேட்ஸ்பர் மரபணுவை நீக்கிய ஆண் எலியின் விந்தணு நீந்தும், எண்ணிக்கையும் சரியாக இருக்கும். ஆனால் தீவிர ஓட்டம் வராது, முட்டையின் உறையைத் துளைக்காது, எலி மலடாகிவிடும். ஓட்ட சதவீதத்தை மட்டும் பார்த்து ஒரு குச்சியை நல்லது என்று தீர்மானிக்க முடியாததற்குக் காரணம் இது.

முதல் ஓட்டத்திலிருந்து இரண்டாவதுக்குப் போக விந்தணுவுக்குப் பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் ஆகவேண்டும். 1951-இல் சாங் அமெரிக்காவிலும் ஆஸ்டின் ஆஸ்திரேலியாவிலும் தனித்தனியே கண்டுகொண்டது இது. திறனேற்றம் என்பார்கள். அந்த நேரத்தில் விந்தணுவின் சவ்விலிருந்து கொலஸ்ட்ரால் வெளியேறும், சவ்வு நெகிழும். பொட்டாசியம் வெளியேறி உட்புற மின்னழுத்தம் இன்னும் எதிர்ப்பக்கம் இறங்கும். உள்ளே காரம் கூடும். பிறகே கால்சியம் வாசல் முழுதாகத் திறக்கத் தயாராகும்.

திறனேற்றம் முடிந்த விந்தணு அதிக நேரம் உயிரோடு இருக்காது. சினை ஊசி விஷயத்தில் பாதிக் குழப்பம் இந்த ஒரு தன்மையிலிருந்து வருகிறது.

#3 ஈனியல்மேசை

அயனிவாசல் நிறுத்திய இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உறைவிந்தின் சிக்கல் சரியாக அங்கேதான் தொடங்குகிறது.

உறைய வைத்து உருக்கும்போது விந்தணுவின் சவ்வு அடிபடுகிறது. குளிரில் கொழுப்பு அடுக்குகள் இடம் மாறும், கொலஸ்ட்ராலில் ஒரு பகுதி போய்விடும், கால்சியம் உள்ளே கசியும். இதனால் உருக்கிய விந்தணுவில் ஒரு பங்கு ஏற்கெனவே திறனேற்றம் பெற்றது போன்ற நிலையில்தான் வெளியே வருகிறது. குச்சியிலிருந்து இறங்கும்போதே அதன் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. புதிய விந்து மாட்டுக்குள் ஒன்றரை நாள் தாக்குப்பிடித்தால், உறைவிந்து ஏறக்குறைய ஒரு நாள்தான். அந்த ஒரு நாளுக்குள் முட்டை வந்து சேர வேண்டும்.

1949-இல் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசரால் உறைதலிலிருந்து விந்தணுவைக் காக்கும் என்று காட்டியிருக்காவிட்டால் இந்தத் தொழிலே இல்லை. இன்றைக்கு டிரிஸ் என்ற தாங்கு கரைசல் (அமில-கார அளவு மாறாமல் வைப்பது), 20 சதம் முட்டை மஞ்சள் கரு, 6 முதல் 7 சதம் கிளிசரால் என்பது வழக்கமான கலவை. மஞ்சள் கருவின் வேலை ஊட்டம் தருவது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிலுள்ள குறையடர் லிப்போபுரதம் விந்துத் திரவத்தின் பி.எஸ்.பி. புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புரதங்களை விட்டுவைத்தால் அவை விந்தணுவின் கொலஸ்ட்ராலைத் தொடர்ந்து உருவிக்கொண்டே இருக்கும். ஆக மஞ்சள் கரு கடிகாரத்தை மெதுவாக்குகிறது.

மாட்டின் பக்கம் கணக்கைப் பாருங்கள். பருவம் தொடங்கியதிலிருந்து 24 முதல் 32 மணி நேரத்தில் முட்டை வெளிப்படும். வெளிப்பட்ட முட்டை 8 முதல் 12 மணி நேரம்தான் நல்ல நிலையில் இருக்கும். கருப்பையில் விட்ட விந்தணு கருக்குழாயின் கீழ்ப்பகுதியில் போதிய அளவு சேர 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். காலையில் கத்தினால் மாலை, மாலையில் கத்தினால் மறுநாள் காலை என்ற விதி 1940-களில் டிரிம்பர்கர் செய்த வேலையிலிருந்து வந்தது. இந்தக் கணக்கோடு அது இன்றும் பொருந்துகிறது.

கருக்குழாயின் கீழ்ப்பகுதியில் நடப்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அங்கே விந்தணுக்கள் குழாய்ச் சுவரின் செல்களில் தலையை ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மாட்டில் அந்தச் சுவரிலுள்ள ஃபியூகோஸ் சர்க்கரையில் பி.எஸ்.பி. புரதம் வழியாக ஒட்டுகிறது. ஒட்டியிருக்கும்வரை கால்சியம் தாழ்ந்து, ஆயுள் நீளும். முட்டை வெளிப்படும் நேரம் நெருங்க, சில சில விந்தணுக்களாகத் திறனேற்றம் முடித்து, தீவிர ஓட்டம் பிடித்து, சுவரைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பாததால் முட்டை முன்னே பின்னே வந்தாலும் ஏதாவது ஒரு தொகுதி தயாராக இருக்கும்.

உறைவிந்தில் சிதைவது இந்த ஏற்பாடுதான். ஏற்கெனவே பாதி திறனேற்றம் பெற்றவை சுவரில் சரியாக ஒட்டாது. குச்சியில் 2 கோடி விந்தணு, உருக்கிய பின் குறைந்தது 50 சதம் ஓட்டம் என்பது நம் நாட்டு விதி. அந்த ஒரு கோடியிலும் கருக்குழாய் வரை போய்ச் சேர்வது சில ஆயிரம். அதில் ஒட்டிக் காத்திருக்கக்கூடியவை இன்னும் குறைவு. நேரம் அரை நாள் தவறினால் காத்திருக்க ஆள் இல்லை.

#4 அம்பை_ஊசி

ஈனியல்மேசை டாக்டர் சொல்லுத நேரக்கணக்கு சரி. ஆனா அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் பாத்தா, குச்சி கெடுறது பாதி நம்ம கையிலதான். அத வரிசையா சொல்லுதேன்.

குச்சி எடுக்கையில கேனிஸ்டர (குச்சி அடுக்கி வச்ச டப்பாவ) நைட்ரஜன் குடுவைக் கழுத்துக்கு மேல தூக்கக் கூடாது. கழுத்துக்குள்ள உறைபனி தெரியுத கோட்டுக்குக் கீழயே வச்சு, இடுக்கியால குச்சியப் பிடிக்கணும். எட்டு விநாடிக்குள்ள கைக்கு வரலன்னா இறக்கி நைட்ரஜன்ல முக்கிட்டு மறுபடி தேடணும். தேடித் தேடி தூக்கிப் பிடிச்சா, மத்த குச்சிகளும் பாதி சூடேறி திரும்ப உறையும். உள்ள பனிப்படிகம் பெருசாகி சவ்வக் கிழிக்கும். அந்தக் குச்சி அடுத்த வாரம் வேற மாட்டுக்குப் போகும், காரணமே தெரியாம நிக்காது. கால் லிட்டரோ அரை லிட்டரோ நைட்ரஜன் மிச்சம் பிடிக்க நினைச்சா மொத்தக் குடுவையும் போகும். வாரத்துக்கு ஒருக்க அளவுகோல் விட்டுப் பாக்கணும்.

எடுத்த குச்சிய ஒரு உதறு உதறணும். பஞ்சு அடைப்புப் பக்கம் நைட்ரஜன் சொட்டு நின்னா வெந்நீர்ல போட்டதும் குச்சி வெடிக்கும்.

தண்ணி 37 டிகிரி, நேரம் 30 விநாடி. வெப்பமானி இல்லாம கைய விட்டுப் பாத்துச் சொல்லுதது எடுபடாது. மே மாசம் மதியம் மொட்டமாடித் தொட்டித் தண்ணி 40-ஐத் தாண்டும். மார்கழிக் காலையில அதே தொட்டித் தண்ணி 25-க்குப் பக்கம். குளிர்ந்த தண்ணியில மெதுவா உருகுனா படிகம் திரும்ப வளருத நேரம் கூடும். ரொம்பச் சூடுன்னா புரதம் வேகும். 0.25 மில்லி குச்சிதானே, சூடு உடனே ஏறிரும்.

உருக்குன பிறகு துணியால முழுசாத் தொடைக்கணும். வெட்டுற முனையில ஒரு சொட்டு தண்ணி இருந்தாலும் அந்தப் பக்கத்து விந்தணு தண்ணிய உறிஞ்சி வால் சுருண்டு போகும். முத்திரை வச்ச முனைய மேல பிடிச்சுத் தட்டி, காத்துக் குமிழ அங்க ஏத்தி, குறுக்க நேரா வெட்டணும். சாய்வா வெட்டுனா ஷீத்துக்குள்ள (கன் மேல மாட்டுத பிளாஸ்டிக் உறை) சரியா உக்காராம விந்து பின்னால கசியும். கன், அதாவது விந்து உள்ள விடுத கம்பி, வெறும் இரும்பு. தேய்ச்சுச் சூடாக்கிட்டுத்தான் குச்சிய ஏத்தணும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்துல ஏத்துன கன்னச் சட்டைக்குள்ள வச்சுக் கொண்டு போறது நல்லது. 37-க்கு ஏறுன விந்தணு திடீர்னு குளிர்ந்தா ஓட்டம் நிக்கும், திரும்ப வராது. வெயில்லயும் காட்டக் கூடாது. உருக்குனதுல இருந்து 15 நிமிசத்துக்குள்ள மாட்டுக்குள்ள போயிரணும்.

விடுற இடம் கருப்பைக் கழுத்தோட கடைசி வளையம் தாண்டுனதும், கருப்பை உடம்புல. இன்னும் உள்ள, கருப்பையோட கிளைக் கொம்புல விட்டா நல்லதுன்னு கன்ன அழுத்துறாவ. உள்சுவர் கீறி ரத்தம் வந்தா அதுவே விந்தணுவுக்கு எமன். அஞ்சு எண்ணுத நேரம் மெதுவா அழுத்துனாப் போதும்.

#5 மானூர்க்கறவை

இவ்வளவு விவரம் ஒரே இடத்துல கிடைச்சதுக்கு நன்றி. கால்சியம்தான் திறவுகோல்னு அயனிவாசல் எழுதுனதால ஒரு கேள்வி. ஊசி போடுததுக்கு முந்தின நாள் மாட்டுக்கு கால்சியம் பாட்டில் ஊத்துனா விந்தணுவுக்கு உதவுமா? கடையில அப்படிச் சொல்லி விக்காவ.

#6 அயனிவாசல்

உதவாது. மாட்டின் ரத்தத்தில் கால்சியம் 100 மில்லிக்கு 8 முதல் 10 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் பாராதைராய்டு ஹார்மோன் பிடித்து வைத்திருக்கிறது. வாய்வழி ஊற்றுவது கன்று ஈன்ற மாட்டின் பால் காய்ச்சலுக்கு உதவும். கருக்குழாய்த் திரவத்தின் கால்சியத்தை அந்தக் குழாயின் செல்களே சுரந்து நிர்ணயிக்கின்றன. பாட்டிலுக்கு அங்கே வேலை இல்லை.

விந்தணுவுக்கு வெளியே கால்சியத்துக்குப் பஞ்சமே கிடையாது, இருபதாயிரம் மடங்கு காத்துக்கிடக்கிறது. வாசல் எப்போது திறக்கிறது என்பதுதான் கேள்வி. முன்கூட்டியே உள்ளே நிறைந்தால் தலையின் நுனியில் இருக்கும் அக்ரோசோம் பை முட்டையை அடையுமுன்பே வெடித்துக் காலியாகிவிடும். அதன் பிறகு அந்த விந்தணு எவ்வளவு துள்ளினாலும் பயனில்லை. உருக்கிய குச்சியைப் பரிசோதிக்கும்போது ஓட்டத்தோடு அக்ரோசோம் முழுமையாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்வது இதனால்தான். ஜீம்சா சாயம் ஏற்றி ஆயிலில் மூழ்கும் லென்சில் பார்த்தால் தலையின் முன்விளிம்பு தெளிவாகத் தெரியும்.

கடைசிக் கட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், #1-இல் கேட்டிருந்தீர்கள். முட்டையைச் சுற்றிய சோனா உறையைக் கடந்ததும், விந்தணுவின் இசுமோ1 புரதம் முட்டையின் ஜூனோ புரதத்தோடு பொருந்தும். இசுமோவை 2005-இல் ஜப்பானில் கண்டார்கள், திருமணத்துக்குப் பேர்போன இசுமோ கோயிலின் பெயர் வைத்தார்கள். ஜூனோ 2014-இல் தெரிந்தது. இரண்டு செல்லும் ஒன்றானதும் விந்தணு பி.எல்.சி. ஸீட்டா என்ற நொதியை உள்ளே விடும். அது முட்டையின் சொந்தச் சேமிப்பிலிருந்து கால்சியத்தை அலை அலையாக, பல மணி நேரம், விட்டு விட்டு எழுப்பும். அந்த அலைதான் முட்டையைப் பாதியில் நின்ற பிரிவிலிருந்து விடுவித்துக் கருவாக்குகிறது. கூடவே முட்டையின் விளிம்புத் துகள்கள் வெடித்து, சோனாவை மாற்றி, இரண்டாவது விந்தணு நுழையாமல் தடுக்கும்.

முதல் கணத்தில் பைகார்பனேட், நடுவில் கால்சியம், முடிவிலும் கால்சியம். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வாசல்; கடைசி முறை செல்லும் வேறு.

#7 கருவகம்

மனிதக் கருவாக்க ஆய்வகப் பக்கமிருந்து இரண்டு சேர்க்கை.

கேட்ஸ்பர் குறை மனிதரிலும் உண்டு. கேட்ஸ்பர்2 மரபணுவோடு அருகிலுள்ள எஸ்.டி.ஆர்.சி. மரபணுவும் சேர்ந்து இரு நகலிலும் அழிந்த ஆண்களுக்குக் காது கேட்பதும் குறையும், கருவுறச் செய்யும் திறனும் இருக்காது. கேட்ஸ்பர் வேலை செய்யாத சிலருக்கு வழக்கமான விந்துப் பரிசோதனை இயல்பாகவே வரும். அவர்களுக்குத் தட்டில் விந்தணுவையும் முட்டையையும் சேர்த்து வைக்கும் முறை பலிக்காது. ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை பலிக்கும், ஏனென்றால் அது வாலின் வேலையையே தாண்டிவிடுகிறது. இக்சியும் பலிக்காவிட்டால் அடுத்து பி.எல்.சி. ஸீட்டாவைச் சந்தேகிக்க வேண்டும்; அப்போது கால்சியம் அயனோஃபோர் (கால்சியத்தைச் சவ்வு தாண்டிக் கடத்தும் பொருள்) கொடுத்து முட்டையைச் செயற்கையாக எழுப்புகிறோம். மாட்டில் இக்சி செய்தால் இந்தச் செயற்கை எழுப்பல் பெரும்பாலும் தேவைப்படும் என்பது பழைய அனுபவம்.

அடுத்தது, மாட்டின் கருவாக்கத்தைத் தட்டில் செய்பவர்களுக்கு. திறனேற்றத்துக்கு ஹெப்பாரின் மில்லிக்கு 10 மைக்ரோகிராம். கரைசலில் பைகார்பனேட் 25 மில்லிமோலார், கால்சியம் 2 மில்லிமோலார், கொழுப்பு அமிலம் நீக்கிய ஆல்புமின் மில்லிக்கு 6 மில்லிகிராம். 38.5 டிகிரி, காற்றில் 5 சதம் கார்பன் டை ஆக்சைடு. விந்தணு மில்லிக்கு 10 லட்சம், சேர்த்து வைப்பது 18 மணி நேரம். இதில் குளுக்கோஸ் போடக் கூடாது. காளை விந்தணுவில் ஹெப்பாரினின் திறனேற்றத்தைக் குளுக்கோஸ் தடுக்கும். விந்தணு ஆற்றலுக்கு லாக்டேட்டும் பைருவேட்டும் போதும்.

அடிக்கடி நடக்கும் தவறு, கரைசலை அலமாரியிலிருந்து எடுத்து நேராகப் பயன்படுத்துவது. கார்பன் டை ஆக்சைடு வெளியேறிய பைகார்பனேட் கரைசலின் பி.எச். 8-ஐத் தாண்டிவிடும். விந்தணு காரத்தில் வேகமாகத் துள்ளும், பார்க்க நன்றாக இருக்கும், சிறிது நேரத்தில் செத்துவிடும். இன்குபேட்டரில் மூடியைத் தளர்த்திச் சில மணி நேரம் சமன்படுத்திய பிறகே எடுக்க வேண்டும். எண்ணெய் அடுக்கு போட்ட துளிகளையும் அப்படியே.

துள்ளலைக் கூட்டக் காஃபின், பென்டாக்சிஃபைலின் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இவை சைக்ளிக் ஏ.எம்.பி.-யைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும், ஆகவே ஓட்டம் உடனே கூடும். அசையாத விந்தணுக் கூட்டத்தில் உயிருள்ளதைத் தேர்ந்தெடுக்க இது நல்ல கருவி. மாட்டுக்குள் போகிற குச்சியில் சேர்ப்பது கடிகாரத்தை இன்னும் முடுக்கிவிடுவதுதான்.

#8 கோவில்பட்டி_கன்னி

கன்னி ஆடு வளர்க்கிறவங்க இங்க நிறையப் பேர் இருக்காங்க. மாட்டுக்குச் சொன்ன முட்டை மஞ்சள் கரு கலவைய அப்படியே ஆட்டுக்கடா விந்துல போட்டா ஓட்டம் சீக்கிரமே விழுதுன்னு சொல்றாங்களே, ஏன்?

#9 ஈனியல்மேசை

கடாவின் கவுப்பர் சுரப்பியிலிருந்து வரும் திரவத்தில் கொழுப்பைச் சிதைக்கும் நொதி உண்டு. அது மஞ்சள் கருவின் லெசித்தினை லைசோலெசித்தினாக மாற்றும். லைசோலெசித்தின் சவ்வைக் கரைக்கும், விந்தணு செத்துவிடும். கொழுப்பு நீக்கிய பால் கலவையிலும் இதே நொதி தொல்லை தரும்.

வழி இரண்டு. விந்தைச் சேகரித்த உடனே தாங்கு கரைசலில் கலந்து, சுழற்சிக் கருவியில் மெதுவாகச் சுழலவிட்டு, மேல்திரவத்தைக் கொட்டிவிட்டு மஞ்சள் கரு கலவையில் போடலாம். இல்லையென்றால் மஞ்சள் கருவை 20 சதத்திலிருந்து 2.5 சதம் அளவுக்குக் குறைக்கலாம். கழுவுவதில் வேகம் கூடினால் அக்ரோசோம் சேதமாகும் என்பதால், புதிய விந்தை உறைய வைக்காமல் அன்றே பயன்படுத்துபவர்கள் இரண்டாவது வழியில் போவது நல்லது. ஆட்டுக்கு நேரம் பருவம் தொடங்கி 12 முதல் 18 மணி நேரம்.

இப்போது #1-க்கு முக்கியமான ஒன்று. 21 நாளில் திரும்பக் கத்துவதால் கருவுறவில்லை என்று ஆகாது. கருவுற்று, ஒரு வாரத்தில் கரு அழிந்தாலும் மாடு அதே 21-ஆம் நாள்தான் கத்தும். மாட்டின் கரு ‘நான் இருக்கிறேன்’ என்று இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதம் மூலம் சொல்வது 15, 16-ஆம் நாளில். அதற்குமுன் போன கருவைப் பற்றி மாட்டின் உடலுக்குத் தெரியவே தெரியாது. 25 நாளைத் தாண்டித் தாறுமாறாகக் கத்தினால் கரு பிற்பாடு அழிந்திருக்கலாம் என்று கொள்ளலாம்.

நம் ஊர்க் கோடையில் இதை மறக்கவே கூடாது. ஊசி போட்ட முதல் ஒன்றிரண்டு நாள் கரு வெப்பத்துக்கு மிகவும் பலவீனம். மூன்றாம் நாளுக்குப் பிறகு தாங்கும் சக்தி கூடும். அக்கினி நட்சத்திரத்தில் ஊசி போட்டுவிட்டு மாட்டை நாங்குநேரிப் பொட்டலில் மேய விட்டால், விந்தணு தன் வேலையைச் செய்திருந்தும் பலன் போய்விடும். அந்த மூன்று நாளாவது நிழலில் கட்டி, குளிர்ந்த தண்ணீர் வைத்து, மதியம் இரண்டு முறை நனைத்துவிடுங்கள்.

#10 அம்பை_ஊசி

டாக்டர், இப்ப பெட்டைக் கன்னுக்குன்னு பாலினம் பிரிச்ச குச்சி வருதுல்லா. அதுக்கும் காலை மாலை விதியே போதுமா? நிறைய இடத்துல அது நிக்கலன்னு பேச்சு இருக்கு.

#11 ஈனியல்மேசை

போதாது. கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும்.

காளையின் எக்ஸ் விந்தணுவில் ஒய்-யைவிட 3.8 சதம் டி.என்.ஏ. அதிகம். அந்தச் சிறு வித்தியாசத்தைச் சாயம் ஏற்றி, புற ஊதா லேசரில் காட்டி, ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். சாயம், ஒளி, அழுத்தம், நீர்த்தல் எல்லாம் பட்ட பிறகு அது உறைகிறது. அதனால் சாதாரண உறைவிந்தைவிட இது திறனேற்றத்துக்கு இன்னும் நெருக்கமான நிலையில் இருக்கும். ஆயுள் இன்னும் குறைவு. எண்ணிக்கையும் குறைவு: சாதாரணக் குச்சியில் 2 கோடி என்றால் இதில் ஏறக்குறைய 20 லட்சம் என்ற அளவில் இருக்கும். 90 சதம் பெட்டை என்பது உண்மைதான், ஆனால் அது சினை நின்றவற்றில்.

ஆகவே விந்தணுவை முட்டைக்கு நெருக்கமான நேரத்தில் கொண்டுபோக வேண்டும். பருவம் தொடங்கி 16 முதல் 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. தொடக்கத்தைக் கணிக்க முடியாத மாட்டுக்கு இந்தக் குச்சியைச் செலவழிக்க வேண்டாம். நன்கு வளர்ந்த கிடேரிக்கும், கருப்பை சுத்தமாக உள்ள, ஒழுங்காகப் பருவம் வரும் மாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எருமைக்குப் பருவம் இரவில் ஓசையில்லாமல் வந்து போவதால் தொடக்க நேரம் தெரிவதே கஷ்டம்; அதற்குச் சாதாரணக் குச்சியே சரி.

#12 மானூர்க்கறவை

அப்ப திரும்பத் திரும்பக் கத்துற மாட்டுக்கு எத முதல்ல பாக்கணும்? மூணு ஊசி தாண்டுன மாடு மானூர்ப் பக்கம் நிறைய வீட்ல நிக்குது.

#13 ஈனியல்மேசை

வழும்பை முதலில் பாருங்கள். கண்ணாடியாக, அறுபடாமல் நூல்போல் இறங்கினால் நல்லது. அதில் வெண்புள்ளி, மஞ்சள் இழை தெரிந்தால் கருப்பை அழற்சி. அழற்சியில் குவியும் வெள்ளணுக்கள் விந்தணுவை விழுங்கும், அவை விடும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் வாலின் சவ்வை அரிக்கும். கண்ணுக்குத் தெரியாத அழற்சிக்கு, ஒரு மில்லி வழும்போடு சம அளவு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டுக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். மஞ்சள் நிறம் வந்தால் அழற்சி உண்டு. அப்படிப்பட்ட மாட்டுக்கு அந்தப் பருவத்தில் ஊசி வேண்டாம், சிகிச்சை கொடுத்து அடுத்த பருவத்துக்குக் காத்திருங்கள்.

வழும்பு சுத்தமாக இருந்தால் அடுத்தது நேரம். சில மாட்டுக்கு முட்டை வெளிப்படுவது தாமதமாகும். முதல் ஊசி போட்ட 24 மணி நேரம் கழித்தும் மற்ற மாடு தன் மேல் ஏற அது அசையாமல் நின்றால், முதல் குச்சியின் விந்தணு தன் காலத்தை முடித்திருக்கும். அப்போது இரண்டாவது குச்சி போடுவதில் நியாயம் இருக்கிறது. முட்டை வெளிப்படத் தூண்டும் ஜி.என்.ஆர்.எச். ஊசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு குச்சி போடுவது வீண். இரண்டின் கடிகாரமும் ஒன்றாகவே ஓடும்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது குச்சியை. ஒரே குடுவையிலிருந்து போட்ட பல மாடுகள் நிற்கவில்லை என்றால் குடுவையைச் சந்தேகியுங்கள். இரண்டு குச்சியை உருக்கி, ஒன்றை உடனே பார்க்கவும், மற்றதை 37 டிகிரியில் 2 மணி நேரம் வைத்துவிட்டுப் பார்க்கவும். உடனே பார்த்ததில் 50 சதம் இருந்து, 2 மணி நேரத்தில் ஓட்டம் பெரும்பகுதி விழுந்துவிட்டால், அந்தக் குச்சிகள் எங்கேயோ ஒருமுறை சூடேறியிருக்கலாம். உங்கள் பக்கத்துக்கு இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்டத்தான். குச்சியைச் சட்டைப்பையில் போட்டு எடுத்துவர வேண்டாம். சிறு நைட்ரஜன் குடுவையிலேயே கொண்டுவாருங்கள்.

#14 அம்பை_ஊசி

அதோட ஊசி அட்டையில காளை எண், குச்சித் தொகுதி எண், மாடு கத்த ஆரம்பிச்ச மணி, ஊசி போட்ட மணி, வழும்பு நிறம் அஞ்சையும் எழுதிரணும் அண்ணாச்சி. தேதி மட்டும் எழுதுன அட்டையக் கொண்டு வந்தா டாக்டரால ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.